நான் திருத்திய ஒரு சொல்

1

நேற்று பூங்கொடி போன் செய்தாள். மகன் தொடாமல் வைத்துவிட்டுப் போன தோசையைச் சமையலறையில் நின்றபடியே தின்றுகொண்டிருந்தேன். ஊருக்குப் போகிறார்களாம், அவளும் அவள் வீட்டுக்காரரும், ஒரு மாதத்துக்கு. ராசிபுரத்துக்கு அந்தப் பக்கம் அவர்கள் தோட்டம். "வர்ற வெள்ளிக்கெழமைங்க்கா" என்றாள். நல்ல சேதிதான். ஆனால் எனக்குப் பயம் வந்துவிட்டது. தட்டை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

ஏன் பயம் என்று சொல்ல வேண்டுமானால், போன வருடம் இதே மாதத்தில் நான் ஒரு சொல்லைத் திருத்திய கதையைச் சொல்ல வேண்டும். சரியாகத்தான் திருத்தினேன். யாரைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வார்கள். அப்படித் திருத்தியதால் ஒரு பெண் செத்திருப்பாள்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மல்லசமுத்திரம் பக்கத்துப் பெண். நாமக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஏழு வருடம் நர்ஸ். பிறகு இங்கிலாந்தின் வடக்கே ஓர் ஊரில், அவசர சிகிச்சைப் பிரிவில், பதினான்கு வருடமாக நர்ஸ். "லண்டன்ல இருக்குது" என்று ஊரில் சொல்லிக்கொள்கிறார்கள். லண்டனுக்கு இங்கிருந்து ரயிலில் நாலு மணி நேரம். அதை ஊரில் யாருக்கும் விளக்கி ஜெயிக்க முடியாது, விட்டுவிட்டேன். வீட்டுக்காரர் பார்சல் வண்டி ஓட்டுகிறார். அவர் வரும்போது நான் போவேன், நான் வரும்போது அவர் தூங்குவார். மாடிப்படியில் பார்த்துக்கொண்டால் உண்டு. மகனுக்குப் பதினாறு வயது.

அந்தச் சொல்லைத் திருத்திய அன்று காலையில்தான் அந்த மகன் என்னிடம் சண்டை போட்டிருந்தான். இரண்டு நாளுக்கு முன்னால் அவன் சிநேகிதர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தபோது, "சாமி, சாப்பிட வா சாமி" என்று கூப்பிட்டுவிட்டேன். அதில் ஒரு பையன் வட இந்தியப் பையன். சாமி என்றால் என்னவென்று அவன் போனில் தேடிப் பார்த்திருக்கிறான். 'உங்கம்மா உன்னைக் கடவுள்னு கூப்பிடுறாங்க' என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சிரிப்பு.

"இனிமே அப்படிக் கூப்பிடாதீங்க. எனக்கு ஒரு பேர் இருக்கு" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனான். நான் வேலைக்குக் கிளம்பினேன். பஸ்ஸில் போகும்போது ஆத்திரம் தீரவில்லை. பெற்ற பிள்ளையை எந்தப் பேரில் கூப்பிடுவது என்று வேறு யாரோ முடிவு பண்ணுகிறார்களே என்று இருந்தது. அந்த ஆத்திரத்தோடுதான் அன்று வேலைக்குள் நுழைந்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அதற்கும் நடந்ததற்கும் சம்பந்தம் உண்டு.

2

இங்கே அவசரப் பிரிவுக்கு யார் வந்தாலும், கை ஒடிந்து வந்தாலும் கால் சுளுக்கி வந்தாலும், இரண்டு கேள்வி கேட்டாக வேண்டும். கடந்த இரண்டு வாரங்களில் மனம் சோர்ந்து, நம்பிக்கை விட்டுப்போன மாதிரி இருந்ததா? வழக்கமாகப் பிடித்த காரியத்தில் பிடிப்பு இல்லாமல் இருந்ததா? வந்த புதிதில் எனக்கு இது பெரிய கூத்தாக இருந்தது. ரத்தம் சொட்டச் சொட்ட நிற்கிறவரிடம் போய், 'மனசு எப்படி இருக்குதுங்க?' என்று கேட்பதா? எங்கள் ஊரில் கேட்டால், 'மொதல்ல கையைக் கட்டும்மா' என்று திட்டுவார்கள்.

ஆனால் கேட்கக் கேட்கத்தான் தெரிந்தது. உடம்பைக் காட்ட வருகிறவர்களில் எத்தனை பேர் மனதைச் சுமந்துகொண்டு வருகிறார்கள்! அது தங்களுக்கு இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. தலைவலி என்பார்கள், வயிற்று எரிச்சல் என்பார்கள். நெஞ்சடைப்பு என்று வந்தால் இதயம் நன்றாக இருக்கும். இரண்டு கேள்விக்கு 'ஆமாம்' வந்தால் அடுத்த கேள்விகள். கடைசிக் கேள்வியில் சிலர் அழுதுவிடுவார்கள்.

நாமக்கல்லில் நாங்கள் இவர்களுக்கு ஒரு பெயர் வைத்திருந்தோம். 'ஒண்ணுமில்ல கேஸ்.' ஈ.சி.ஜி.யில் ஒன்றுமில்லை, ரத்தத்தில் ஒன்றுமில்லை, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. "சிஸ்டர், மூணாவது பெட்டுல ஒரு ஒண்ணுமில்ல கேஸ், ஒரு குளுக்கோஸைப் போட்டு அனுப்பிருங்க" என்பார் டூட்டி டாக்டர். போட்டு அனுப்புவோம். கூட்டம் அப்படி. லாரி மோதி வந்தவர்கள் வாசலில் காத்திருக்கும்போது நெஞ்சு படபடப்புக்கு யார் உட்கார்ந்து கதை கேட்பது?

ஓர் அம்மா நினைவுக்கு வருகிறார். கோழிப்பண்ணை வைத்திருந்த குடும்பம், நல்ல வசதி. மாதத்துக்கு இரண்டு தடவை வருவார். "நெஞ்ச அடைக்குதுங் சிஸ்டர், மூச்சே உட முடியலீங்" என்பார். குளுக்கோஸ் ஏறுகிற இரண்டு மணி நேரமும் அசையாமல் தூங்குவார். முடிந்ததும் எழுப்பினால், "அதுக்குள்ளயுங்களா?" என்பார். அந்தக் கட்டிலுக்காகத்தான் அவர் வந்தார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. திடீரென்று வருவதை நிறுத்திவிட்டார். "செரியாப் போச்சாட்ட இருக்குது" என்று பேசிக்கொண்டோம். வேறு என்ன ஆகியிருக்கும் என்று நாங்கள் யாரும் விசாரிக்கவில்லை.

இங்கே வந்து இத்தனை வருடம் கேள்வி கேட்டு, எனக்கு ஒரு திமிர் வந்திருந்தது. அந்த அம்மா இன்றைக்கு என் முன்னால் வந்து உட்கார்ந்தால் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

3

பூங்கொடி அன்று பதினோரு மணிக்கு வந்தாள். முப்பத்தொரு வயது. ஒன்றரை மாதத்தில் மூன்றாவது தடவை, மூன்று தடவையும் நெஞ்சடைப்பு. கணவர் செந்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஊரிலிருந்து வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவளுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. முதல் இரண்டு தடவையும் எல்லாக் கேள்விக்கும் கணவரே பதில் சொல்லியிருந்தார். மனம் சோர்வா? இல்லை. பிடிப்பு இல்லையா? அப்படி ஒன்றும் இல்லை. அந்த இரண்டு நாளும் நான் வேலையில் இல்லை.

மூன்றாவது தடவை என்பதால் டாக்டர் ஹெலனுக்கு மனதில் உறுத்தியிருக்கிறது. கெட்டிக்காரர், நிதானமானவர். காரை நேரம் கடந்து நிறுத்தியிருக்கிறேன் என்று செந்தில் வெளியே போன சமயம் பார்த்து, மொழிபெயர்ப்பாளரைப் போனில் பிடித்து, ஒலிபெருக்கியில் போட்டு, பூங்கொடியிடம் நேராகப் பேச ஆரம்பித்திருக்கிறார். நான் அவள் கையிலிருந்த ஊசியை எடுப்பதற்காகத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

"இப்பல்லாம் தூக்கமே இல்லீங்க. கண்ண மூடுனா சாமி கூப்புடுதுங்க. அம்மா, அம்மான்னு அப்படியே காதுல கேக்குது. நானும் சாமிகிட்டயே போயிட்டா தேவலையாட்ட இருக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் பேச்சு! பதின்மூன்று வருடத்தில் அந்தப் பிரிவுக்குள் முதல் தடவையாக எங்கள் ஊர்ப் பேச்சு.

போனில் ஒரு பெரியவரின் குரல். யாழ்ப்பாணத்துக்காரர். நிறுத்தி நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னார்: "கடவுள் தன்னைக் கூப்பிடுவதாகச் சொல்கிறார். அவருடைய குரல் காதில் கேட்கிறதாம். தானும் கடவுளிடமே போய்விடலாம் என்று இருக்கிறதாம்."

டாக்டர் ஹெலனின் முகம் மாறியது. பேனாவை எடுத்தார். என்ன எழுதப்போகிறார் என்று எனக்குத் தெரியும். குரல் கேட்கிறது, கடவுள் அழைக்கிறார் என்று எழுதினால் அது வேறு பாதை. மனநல மருத்துவர், தனி அறை, ஆள் காவல்.

"இல்லை, இல்லை, இல்லை!" என்று நான் பாய்ந்தேன். அப்படித்தான் சொல்ல வேண்டும், பாய்ந்தேன். "டாக்டர், அது தப்பு. எங்கள் ஊரில் சாமி என்றால் கடவுள் மட்டும் இல்லை. குழந்தையைச் சாமி என்றுதான் கூப்பிடுவோம். பெரியவர்களையும் கூப்பிடுவோம். இந்தப் பெண் தன் குழந்தையைச் சொல்கிறாள். குழந்தையை ஊரில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அதன் ஏக்கம்."

பூங்கொடி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, நம்மூருங்களா?" என்றாள்.

"மல்லசமுத்திரம் சாமி."

"நாங்க ராசிபுரத்துக்கு அக்கட்டைங்க்கா." சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

போனில் பெரியவர் கொஞ்சம் சங்கடப்பட்டுவிட்டார். "மன்னிக்கோணும் தங்கச்சி. எங்கட பக்கம் சாமி எண்டால் கடவுள்தான்." பிறகு ஒரு நொடி விட்டு, "எண்டாலும் ஒருக்கா அவவிட்டக் கேட்டுப் பாருங்கோவன், பிள்ளை எங்க எண்டு" என்றார்.

இந்த இடத்தை இந்த ஒரு வருடத்தில் எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன் தெரியுமா! அவர் கேட்கச் சொன்னார். நானும் கேட்டேன். ஆனால் எப்படிக் கேட்டேன் பாருங்கள். "கொழந்தை ஊருலதான் இருக்குது, இல்லையா சாமி?" என்று, பதிலையும் நானே கேள்விக்குள் வைத்துக் கேட்டேன்.

"ஆமாங்க்கா. ஊருலதானுங்க. எங்க தோட்டத்துலயே இருக்குதுங்க" என்றாள்.

எங்கள் பக்கத்து விவசாயக் குடும்பங்கள் ஊருக்குள் குடியிருப்பதில்லை. வயற்காட்டுக்கு நடுவில், கிணற்றை ஒட்டி வீடு கட்டிக்கொண்டு அங்கேயே இருப்பார்கள். அதைத் தோட்டம் என்போம். 'அப்பா எங்கே?' என்பதற்கு 'தோட்டத்துல இருக்காரு' என்றால், வீட்டில் இருக்கிறார் என்று அர்த்தம். ஆக, மாமனார் மாமியாரோடு குழந்தை தோட்டத்து வீட்டில் வளர்கிறது. எனக்கு அதில் துளிச் சந்தேகம் வரவில்லை. டாக்டரிடம் அப்படியே சொன்னேன். அவர் பேனாவை மூடி, சிரித்து, "நல்லவேளை நீ இருந்தாய்" என்றார். பெரியவர் வணக்கம் சொல்லி லைனை வைத்தார்.

அந்த 'நல்லவேளை' எனக்கு எப்படி இனித்தது என்று மறைக்க விரும்பவில்லை. காலையில் மகன் வேண்டாம் என்று சொன்ன சொல், இங்கே ஒரு பெண்ணைப் பைத்தியப் பட்டத்திலிருந்து காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன்.

4

எனக்கு ஏன் சந்தேகம் வரவில்லை என்றால், அது என் கதை.

நான் முதலில் தனியாகத்தான் இங்கே வந்தேன். மகனுக்கு அப்போது இரண்டு வயது. விசா, வீடு, சம்பளச் சான்று என்று ஒவ்வொரு காகிதமாகச் சேர்த்து அவனையும் அவன் அப்பாவையும் கூப்பிட்டுக்கொள்ள இரண்டு வருடம் ஆனது. அதுவரைக்கும் அவன் எங்கள் தோட்டத்தில் என் அம்மாவிடம் இருந்தான். வார்டில் எந்தக் குழந்தை அழுதாலும் அவன் அழுவது போலக் கேட்கும். குழாயில் தண்ணீர் விழுந்தால் 'அம்மா' என்று கேட்கும். குழாயை மூடிவிட்டு நின்று கேட்பேன். ஒரு தடவை பஸ்ஸிலிருந்து பாதியில் இறங்கித் திரும்பி நடந்திருக்கிறேன், யாரோ கூப்பிட்டார்கள் என்று. யாரிடமும் சொன்னதில்லை. நான் எல்லோரிடமும் கேட்கிற அந்த இரண்டு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதும் இல்லை.

அதனால் பூங்கொடி சொன்னதும், 'அட, இது நான்' என்று நினைத்துவிட்டேன். அவள் சொல்ல வேண்டியதை எல்லாம் நானே சொல்லி முடித்துவிட்டேன். பழைய ஏக்கத்துக்கு ஒரு துணை கிடைத்த சந்தோஷம், வேறென்ன.

டாக்டர் போனதும் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பஞ்சு வைத்து அவள் கையை அழுத்திப் பிடித்தபடி பேசினேன். ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருக்கிறது.

"எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு கண்ணு. பயப்படாத. ரொம்ப நாள் இப்படி இருக்காது. நீ சீக்கிரமே சாமிகிட்டப் போயிருவ."

அவள் என்னையே பார்த்தாள். "போயிரலாங்களா அக்கா?"

"ஏன் போக முடியாது? மனசு வெச்சாப் போயிரலாம்."

"தப்பில்லீங்களா? எல்லாருமே மனசத் தேத்திக்க, தேத்திக்கன்னுதான் சொல்றாங்க."

"சொல்றவங்களுக்கு என்ன தெரியும்? பெத்தவளுக்குத்தான் தெரியும். போறதுல ஒரு தப்பும் இல்ல சாமி."

அவள் சிரித்தாள். வந்ததிலிருந்து முதல் தடவை. நல்ல சிரிப்பு, முகமே தெளிந்துவிட்டது. கனமான எதையோ இறக்கி வைத்த மாதிரி இருந்தாள். ஒரு மனிதருக்கு நல்ல வார்த்தை சொன்னோம் என்று எனக்கும் நிறைவாக இருந்தது.

வெளியே காத்திருக்கும் இடத்தில் உட்காரச் சொன்னேன். எழுந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "போறனுங்க்கா" என்றாள்.

எங்கள் ஊரில் யாரும் 'போறேன்' என்று சொல்லிக்கொண்டு கிளம்ப மாட்டார்கள். 'வாரேன்' என்பார்கள், 'போயிட்டு வாரேன்' என்பார்கள். வாய் தவறிச் சொன்னாலும் வீட்டில் அதட்டுவார்கள். அது என் காதில் விழுந்தது. விழாமல் இல்லை. 'எட்டு மாசத்துல இங்கத்திப் பழக்கம் ஒட்டிக்கிச்சு பாரு' என்று நினைத்துக்கொண்டேன்.

5

காப்பாற்றியது ஒரு பாரம், அதாவது நிரப்பிக் கொடுக்கிற படிவம்.

இங்கே எதற்கெடுத்தாலும் பாரம் உண்டு. நோயாளி பேச்சில் ஒரு குழந்தை வந்துவிட்டால், அது எந்த நாட்டில் இருந்தாலும், கம்ப்யூட்டரில் தனிப் பக்கம் திறந்துகொள்ளும். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, யார் பராமரிப்பில் இருக்கிறது. நிரப்பாமல் நோயாளியின் கணக்கை முடிக்க விடாது. 'ராசிபுரத்துல இருக்கிற பிள்ளைக்கு இவங்க என்ன பண்ணப்போறாங்க?' என்று முனகிக்கொண்டே எழுந்து வெளியே போனேன். பூங்கொடி உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருந்தது. செந்தில் அப்போதுதான் கார் சாவியோடு உள்ளே வந்தார்.

"சிஸ்டர், பூங்கொடி எங்கீங்க?"

"பாத்ரூம் போயிருக்கும். ஏனுங் தம்பி, கொழந்தை பேரும் பொறந்த தேதியும் சொல்லுங்க. ஒரு பாரம் மூடமாட்டேங்குது."

அவர் அப்படியே நின்றார். "கொழந்தைன்னு யாருங்க சொன்னாங்க?"

"அதுதான் சொல்லுச்சு. தோட்டத்துல இருக்குதுன்னு."

செந்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். "எங்களுக்கு இப்பக் கொழந்தை இல்லீங்க சிஸ்டர். மூணு வயசுங்க. காய்ச்சல்னு ரண்டு நாள்தான். போன வருசம். தோட்டத்துலதானுங்க... கெணத்துக்கு மேக்கால, வேப்பமரத்துக்கிட்ட..." அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

எங்கள் பக்கம், சொந்தத்தில் யாராவது போய்விட்டால் சொந்தத் தோட்டத்து மூலையிலேயே அடக்கம் செய்கிற குடும்பங்கள் நிறைய உண்டு. குழந்தை என்றால் கேட்கவே வேண்டாம், வெளியே அனுப்ப மனது வராது. எங்கள் தோட்டத்திலேயே என் தாத்தா இருக்கிறார், பிறந்த அன்றே போன என் தம்பி இருக்கிறான். 'தோட்டத்துல இருக்குது' என்பதற்கு இன்னோர் அர்த்தம் உண்டு என்று அந்தக் கட்டடத்தில் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

அடுத்து, நான் அவளிடம் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. சீக்கிரமே சாமிகிட்டப் போயிருவ. மனசு வெச்சாப் போயிரலாம். ஒரு தப்பும் இல்ல சாமி. ஐயோ, என்ன காரியம் செய்தேன்! என் வாயால், அவளுடைய பேச்சிலேயே, எட்டு மாதத்தில் அவள் பார்த்த முதல் ஊர்க்காரியாக நின்று, சாகச் சொல்லி அனுப்பிவைத்திருக்கிறேன்.

டாக்டர் ஹெலனிடம் ஓடிப்போய் மூன்று வாக்கியத்தில் சொன்னேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, காவலர்களைக் கூப்பிட்டார். ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். கழிப்பறையில் இல்லை. கார் நிறுத்தும் இடத்தில் இல்லை. நான் முன்வாசல் வழியாக ரோட்டுக்கு ஓடினேன். செருப்பு ஒன்று வழியில் கழன்றுவிட்டது.

மருத்துவமனை வாசலுக்கு எதிரே பஸ் நிறுத்தம். அங்கே உட்கார்ந்திருந்தாள். அந்தக் குளிரில் கோட்டு இல்லை. கையில் நான் ஒட்டிய பஞ்சு. ஒரு பஸ் வந்து நின்றது, போனது. அவள் அதைப் பார்க்கவே இல்லை.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது.

"எங்க சாமி கெளம்பிட்ட?"

"சாமிகிட்டத்தானுங்க்கா. நீங்கதான் சொன்னீங்கல்ல, போயிரலாம்னு." கோபம் இல்லை, அழுகை இல்லை. அனுமதி வாங்கிக்கொண்ட பிள்ளை மாதிரிச் சொன்னாள்.

பதின்மூன்று வருடப் பயிற்சியில் என்னென்னவோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், இந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று. ஒன்றும் வாயில் வரவில்லை. என்னிடம் இருந்தது அந்தப் பாரத்தின் கேள்வி ஒன்றுதான். அதைத்தான் கேட்டேன்.

"சாமிக்கு என்ன பேரு வெச்சிருந்தீங்க?"

அவள் திரும்பினாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பேரைச் சொன்னாள். இன்னொரு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொல்லும்போது உடைந்து, என் மேல் சாய்ந்து, ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்கிற மாதிரி அழுதாள்.

"யாருமே பேரச் சொல்றதில்லீங்க்கா. சொன்னா எனக்கு நெனப்பு வந்துருமாமா. எங்க ஊட்ல, அவங்க ஊட்ல, யாருமே. போட்டோவக்கூட எடுத்து வெச்சுட்டாங்க. எடம் மாறுனாச் செரியாப் போயிருமின்னு இங்க கூட்டியாந்துட்டாங்க. இங்க சொல்ல வேண்டாம்னுட்டாங்க. அவன் ஒருத்தன் இருந்தான்னே இங்க யாருக்கும் தெரியாதுங்க்கா."

அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். அது அவளுடையது. தப்பு என்னுடையது என்றும், நான் சொன்னதை வேறு அர்த்தத்தில் சொன்னேன் என்றும், அவள் போவதில் எனக்குச் சம்மதமே இல்லை என்றும் சொன்னேன். கேட்டுக்கொண்டாளா என்று தெரியாது. ஆனால் கையைப் பிடித்துக்கொண்டு என்னோடு நடந்து வந்தாள். என் ஒற்றைச் செருப்பைப் பார்த்து, "கால் சில்லுன்னு இருக்குமுங்க்கா" என்றாள். அந்த நிலைமையிலும் அந்த 'ங்க' விடவில்லை பாருங்கள்.

6

மொழிபெயர்ப்பு அலுவலகம் பெரியவருக்குக் கொடுத்திருந்த அடையாள எண்ணை டாக்டர் ஹெலன் குறித்து வைத்திருந்தார். அவரையே மறுபடி பிடித்தார்கள். இந்தத் தடவை நான் சுவரோரமாக நின்றேன், வாயைத் திறக்கவில்லை. டாக்டர் நேராகக் கேட்டார்: உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வருகிறதா? பெரியவர் அதை அப்படியே, மழுப்பாமல், மெல்லிய குரலில் தமிழில் கேட்டார்.

"வருதுங்க" என்றாள் பூங்கொடி. "தெனமும் வருதுங்க."

நாமக்கல்லில் நாங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டதே கிடையாது. கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோம் என்று பயம். அவள் முகத்தை அன்று பார்த்திருந்தால் அந்தப் பயம் எங்களுக்குப் போயிருக்கும். கேட்டார்களே என்றுதான் இருந்தது அந்த முகம்.

லைனை வைப்பதற்கு முன்னால் பெரியவர், "தங்கச்சி நிக்கிறாவோ? நான் வடிவாத் திருப்பிக் கேட்டிருக்க வேணும்" என்றார்.

"நீங்க கேட்டீங்க ஐயா. நாந்தான் பதில் சொன்னேன்" என்றேன்.

அவர் வணக்கம் சொல்லி லைனை வைத்தார். பிறகு ஒருநாள் அவருக்கு நன்றி சொல்லலாம் என்று அந்த அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மொழிபெயர்ப்பாளர்களின் விவரம் தர மாட்டோம் என்றார்கள். பெயர்கூடத் தெரியாமல் போய்விட்டது.

என் மேல் நானே ஒரு தவறு அறிக்கை எழுதினேன். அதற்கும் பாரம். தவறின் வகை என்று ஒரு பட்டியல், அதில் 'மொழிபெயர்ப்புப் பிழை' என்று ஒரு கட்டம். பிழையாக மொழிபெயர்த்தது யார் என்று அடுத்த கேள்வி. சாமி என்றால் குழந்தை. சரி. தோட்டத்தில் இருக்கிறது. அதுவும் சரி. ஒரு பிழையும் இல்லை. வெகுநேரம் யோசித்துவிட்டு, 'மற்றவை' என்ற கட்டத்தைத் தொட்டுவிட்டு வந்தேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் மகன் அறைக்குப் போனேன். காதில் எதையோ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பின்னால் நின்று அவன் தலையைப் பிடித்து முகர்ந்தேன். பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன், அவன் கேட்டுக்கொண்டபடி, அவன் பேரை. அவன் திரும்பிப் பார்த்து, "என்னம்மா, என்ன ஆச்சு?" என்றான்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

"சரி" என்று அவன் திரும்பிக்கொண்டான். அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அந்த வார்த்தையை நம்பி ஏழு வருடம் எத்தனை பேரை அனுப்பிவைத்தவள் நான்.

7

பூங்கொடி ஐந்து வாரம் மருத்துவமனையில் இருந்தாள். பிறகு மாத்திரை, வாரம் ஒரு தடவை ஆலோசகரோடு பேச்சு. மூன்றாவது மாதம் குழந்தையின் போட்டோ அவர்கள் வீட்டு ஹாலுக்கு வந்தது. நான் போய்ப் பார்த்தேன். செந்தில்தான் மாட்டினாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் செய்வாள். அவனைப் பற்றிப் பேசுவாள். ரசம் என்றால் உயிராம், நெய்யை எடுத்து முகத்தில் பூசிக்கொள்வானாம். நான் கேட்பேன். என் வீட்டில் என்னோடு தமிழில் அவ்வளவு நேரம் பேச ஆள் இல்லை என்பதும் உண்மை.

நேற்று அவள் சொன்னதில் பயப்பட ஒன்றுமில்லை. டாக்டரே போய்வரச் சொல்லியிருக்கிறார். கணவர் கூடப் போகிறார். வேப்பமரத்தடியில் ஒரு கல் நட்டுப் பேர் வெட்டப் போகிறார்களாம், வீட்டுப் பெரியவர்கள் ஒத்துக்கொண்டார்களாம். சந்தோஷமாகத்தான் பேசினாள். ஆனால் தோட்டம் என்றாளே, சாமியைப் பார்க்கப் போறனுங்க்கா என்றாளே, அதில்தான் எனக்குப் பயம் வந்தது. சந்தோஷமாகப் பேசியவளை நம்பி ஒரு தடவை ஏமாந்தவள் நான்.

கேட்டுவிட்டேன். மழுப்பாமல், அந்தப் பெரியவர் கேட்ட மாதிரியே.

"இப்பல்லாம் அந்த நெனப்பு வருதா சாமி?"

"எப்பவாச்சும் வருதுங்க்கா. வந்தா அவர்கிட்டச் சொல்லிப்போடறனுங்க" என்றாள். பிறகு அவளே சிரித்து, "பயப்படாதீங்க்கா. ஊறுகாய், பருப்புப்பொடி எல்லாம் வேணுமின்னாச் சொல்லுங்க. செரி, போயிட்டு வாரனுங்க்கா" என்றாள்.

நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன சொன்ன?"

"கேக்கலீங்களா அக்கா?"

"கேட்டுச்சு. இன்னொருக்காச் சொல்லு."